அம்மா உள்ளே இருக்காங்க

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உறுதியான செய்தியை முதலில் எழுதிவிடுகிறேன், நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். வாலு அடுத்த வகுப்பில் பொதுப்பிரிவில் இருக்கமாட்டாள். தொழிற்பிரிவுக்கு மாற்றுகிறார்கள். அதற்கு அம்மாவாகிய உன் சம்மதம் எழுத்தில் கிடைத்துவிட்டது. சொன்னவர், அவளுடைய பள்ளி அலுவலகத்தில் இருக்கும் கிளார்க். சனிக்கிழமை காலை மாதப் பாஸ் வாங்க எங்கள் பஸ் டிப்போவுக்கு வந்தார். பாஸ் கவுண்டர் ஆள் விடுப்பில் இருந்ததால், விபத்து அறிக்கை எழுதுகிற வேலையை ஓரமாக வைத்துவிட்டு நான்தான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

தொழிற்பிரிவு என்றால் என்ன என்று கேட்டேன். கணக்கு, அறிவியல் பாதியாகக் குறையும். தையலும் பெட்டி ஒட்டுவதும் கற்றுத்தருவார்கள். அங்கே போன பிள்ளை பெரிய பரீட்சை எழுத முடியாது. திரும்பி வரவும் வழி இல்லை.

நீ சம்மதம் கொடுத்ததில் தப்பு இல்லை. உன் பிள்ளை, உன் முடிவு. ஆனால் ஒன்றரை வருஷமாக அவள் எங்கள் வீட்டில் இருக்கிறாள். ஒரு வரி எனக்கும் எழுதியிருக்கலாம்.

கிளார்க் இன்னொன்றும் சொன்னார். "உங்க அக்கா மாதிரி ஒரு அம்மாவை நான் பார்த்ததே இல்ல சார். எல்லாக் கூட்டத்துக்கும் வந்துடுறாங்க. என்ன சொன்னாலும் தலையாட்டுவாங்க. எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது." காய்கறிக்காரரோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டுகிற உன்னைத்தான் சொல்கிறாரா என்று எனக்கு அப்போதே குழப்பம். நீ இங்கே வந்ததும் எனக்குத் தெரியாது.

வாலுவின் வீட்டுப்பாட நோட்டு வழக்கம்போல இந்தச் சனிக்கிழமை உன் ஊர் வண்டிக் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அடுத்த சனி திருப்பி அனுப்பு. உன் கை வெடிப்பு எப்படி இருக்கிறது? இங்கே மூவரும் சுகம். என் மனைவியும் உன்னை விசாரித்தாள்.

தம்பி


ஏப்ரல் 13

தம்பிக்கு,

என் உடம்பு நன்றாக இருக்கிறது, கைதான் சரியில்லை. சோப்பு மாற்றினார்கள், வெடிப்பு மட்டும் மாறவில்லை. நீங்கள் மூவரும் நலமாக இருப்பது சந்தோஷம். மற்றது எதுவும் சந்தோஷம் இல்லை.

நீ எனக்குக் கடிதம் எழுதுகிறாயா, பஸ் மோதியதற்கு அறிக்கை எழுதுகிறாயா? இரண்டு தடவை படித்தபிறகுதான் மோதியது என் மேல் என்று புரிந்தது.

நான் எந்தச் சம்மதமும் கொடுக்கவில்லை. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை, வாலுவின் நோட்டைத் தவிர. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாளைக்கு அறுநூறு படுக்கை விரிப்பு சூட்டு உருளையில் போட்டுத் தேய்த்து எடுக்கிறவள் உன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எல்லாக் கூட்டத்துக்கும் எப்படி வருவாள்? வருஷத்துக்கு ஏழு நாள் விடுப்பு. அதையும் இரண்டு மாதம் முன்னால் கேட்க வேண்டும்.

அவளைப் பெட்டி ஒட்டவா இங்கே நான் நீராவியில் வேகிறேன்? வாலுவின் அப்பா போனபிறகு அவளை உன்னிடம் விட்டுவிட்டு வந்ததே அந்தப் பள்ளிக்கூடத்துக்காகத்தான். இந்த இடத்தில் குழந்தைகளோடு தங்க விடமாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும்.

யார் போட்டது என்று விசாரி. குறிப்பாகப் பிப்ரவரிக் கூட்டத்துக்கு யார் போனது என்று கேள். ஏன் என்று இப்போது கேட்காதே.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். வாலுவுக்குத் தலைவாரும்போது இழுக்காமல் வாரச் சொல், அவள் சொல்லமாட்டாள், பொறுத்துக்கொள்வாள்.

அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. கைக்கு டிப்போ மருத்துவர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார், வாங்கி அனுப்புகிறேன்.

உறுதியானவை: பெற்றோர் கூட்டம் மூன்று நடந்திருக்கிறது. அக்டோபர், டிசம்பர், பிப்ரவரி 15. அக்டோபரில் வாலுவின் பெயருக்கு எதிரே எதுவும் இல்லை. மற்ற இரண்டிலும் 'அம்மா' என்ற கட்டத்தில் உன் பெயர் கையெழுத்தாக இருக்கிறது. சம்மதத் தாளிலும் அதே கையெழுத்து, அதே பிப்ரவரி 15. கிளார்க் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். நான் என் கண்ணால் பார்த்தேன்.

அது உன் கையெழுத்து இல்லை. நீ கடைசி எழுத்தின் வாலை இழுத்துவிடுவாய். இது அடக்கமாக, கட்டத்துக்குள்ளேயே நிற்கிறது.

யாருடையது என்று இப்போது சொல்ல முடியாது.

கூட்டம் எப்போதும் சனிக்கிழமை மதியம். அந்த நேரத்தில் நான் டிப்போவில் இருப்பேன். போன வருஷம் நான் ஒரு தடவை போனபோது வாட்ச்மேன், "அம்மாவா, அப்பாவா? ரெண்டும் இல்லன்னா உள்ள விடமாட்டேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு நான் போகவில்லை. யாரும் போவதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொழிற்பிரிவுப் பட்டியல் பள்ளி திறந்தபிறகுதான் முடிவாகும் என்றார். அதுவரை அவகாசம் இருக்கிறது.

வாலு நலம். பல் ஒன்று ஆடுகிறது. நானும் நலம்.

தம்பி


ஏப்ரல் 30

தம்பிக்கு,

களிம்பு வந்தது. நல்ல களிம்பு. பூசினால் விரிப்பில் கறை படுகிறது என்று மேற்பார்வை அம்மா திட்டுகிறார், அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசுகிறேன்.

சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறாய். தெரியாது என்று எழுதவில்லை. நீ தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிறவன். இத்தனை வருஷத்தில் உன் மனைவி என்னை விசாரித்ததாக எழுதாத முதல் கடிதமும் இதுதான்.

நானும் ஒன்றை எழுதாமல் வைத்திருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

பிப்ரவரி 15 அன்று நான் வந்தேன். கொதிகலன் பழுதாகி ஒருநாள் வேலை நிறுத்திவிட்டார்கள். கூட்டம் இருக்கிறது என்று வாலு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாள். யாருக்கும் சொல்லாமல் போய் அவளுக்கு ஆச்சரியம் கொடுக்கலாம் என்று விடிகாலை வண்டியில் ஏறினேன். ஐந்து மணி நேரம் நின்றுகொண்டு வந்தேன். பள்ளி வாசலில் வாட்ச்மேன் கையில் பட்டியல். வாலுவின் பெயரைச் சொல்லி, அவள் அம்மா என்றேன்.

பட்டியலைப் பார்த்தார். "அவங்க அம்மா உள்ளே இருக்காங்க. நீங்க யாரு?" என்றார்.

எனக்குப் பின்னால் வரிசை நின்றது. எல்லாரும் நல்ல செருப்பு போட்டிருந்தார்கள். "தள்ளுங்கம்மா, தள்ளி நில்லுங்க" என்றார். தள்ளி நின்றேன். எதிர்ப்பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். வேறு பள்ளிக்கு வந்துவிட்டேனோ, வேறு தேதியோ, இவள் பெயரில் இன்னொரு பெண் இருக்கிறாளோ என்று என்னென்னவோ யோசித்தேன். சிரிக்காதே, ஒரு நிமிஷம் அவர் சொல்வது சரிதான், அம்மா உள்ளேதான் இருக்கிறாள், நான் வேறு யாரோ என்றுகூடத் தோன்றியது. அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன்.

அந்த வாட்ச்மேனோடு நான் ஏன் சண்டை போடவில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூட வாசல் என்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

இப்போது நீ சொல். உன் வீட்டுக்காரிதானே?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 16

அண்ணிக்கு,

வணக்கம். நலம்தானா என்று கேட்கிற தகுதி எனக்கு இப்போது இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். உங்கள் தம்பி எழுதச் சொல்லவில்லை. அவர் எதுவுமே சொல்லவில்லை. மூன்று வாரமாக என்னிடம் உப்பு இருக்கிறதா, தண்ணீர் வந்ததா என்று மட்டும்தான் பேசுகிறார். உங்கள் கடிதத்தை மேஜைமேல் திறந்தபடி வைத்துவிட்டு வேலைக்குப் போனார். படித்தேன். பத்து நாள் கழித்துத்தான் பேனாவை எடுக்க முடிந்தது.

நான்தான்.

அக்டோபரில் போனேன். "யாரு?" என்றார் வாட்ச்மேன். அத்தை என்றேன். "அத்தைக்கெல்லாம் நாற்காலி போடலம்மா" என்றார். வெளியே நின்றேன். கம்பி வழியாக வாலு தெரிந்தாள். ஒவ்வொரு பிள்ளைக்குப் பக்கத்திலும் ஒரு நாற்காலி. அவளுக்குப் பக்கத்தில் இருந்ததை வேறு யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். டிசம்பரில் போனபோது அம்மா என்று சொன்னேன், அவருக்கு என் முகம் நினைவில்லை. வாயில் தானாக வந்துவிட்டது என்று எழுத நினைத்தேன். அது பொய். வீட்டிலிருந்தே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை எனக்கு மாத்திரைக் கம்பெனியில் அரைநாள். அட்டை அடுக்கிவிட்டு நேராகப் போய்விடுவேன். அதனால் அவருக்குத் தெரியாது.

உள்ளே போய்விட்டேன், ஆனால் என்னால் பேச முடியவில்லை. ஏதாவது கேள்வி கேட்டால் அவர்களும் கேட்பார்கள். டீச்சர் ஒருதடவை, "குழந்தை எப்போ பேச ஆரம்பிச்சா?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? "சீக்கிரமே" என்று சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகு எதற்கும் தலையாட்டினேன். தலையாட்டினால் யாரும் எதுவும் கேட்பதில்லை அண்ணி. ரொம்ப நல்ல அம்மா என்று பெயர் வாங்கிவிட்டேன்.

பிப்ரவரியில் டீச்சர் வேகமாகப் பேசினார். வீட்டுப்பாடம் வரவில்லை, பிரிவு, வசதி, குழந்தைக்குச் சுமை குறையும் என்றெல்லாம் சொன்னார். சுமை குறையும் என்பது மட்டும்தான் எனக்குக் கேட்டது. தாளை நீட்டினார். உங்கள் பெயரை எழுதினேன். நீங்கள் அப்போது வாசலில் நின்றிருக்கிறீர்கள்.

டீச்சர் என்னை "அம்மா, இப்படி உட்காருங்க" என்பார். அதைக் கேட்கத்தான் போனேனோ என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் பிள்ளை இல்லாத விஷயம் உங்களுக்குத் தெரியும். இதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

கைக்கு ஓய்வு கொடுங்கள்.

தம்பி மனைவி


மே 31

அன்புள்ள அக்காவுக்கு,

அவள் கடிதம் போட்டுப் பதினைந்து நாள் ஆகிறது. உன்னிடமிருந்து பதில் இல்லை. நோட்டும் இரண்டு சனியாகத் திரும்பவில்லை. விடுமுறைதான், பரவாயில்லை. உன் உடம்பு சரியில்லையா, மனசு சரியில்லையா என்று மட்டும் ஒரு அட்டையில் எழுதிப் போடு.

உனக்குக் கோபம் இருக்கும்போது இதை எழுதக்கூடாது என்று அவள் சொல்கிறாள். ஆனால் தெரிந்தபிறகு எழுதாமல் இருப்பது என் வழக்கம் இல்லை.

ஏழு வரை பெருக்கல் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்கிற பிள்ளையை ஏன் தொழிற்பிரிவுக்குத் தள்ளுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை. கிளார்க்கைப் பிடித்தேன். பதிவேட்டில் இருப்பது இது: வருஷம் முழுக்க வீட்டுப்பாடம் அறுபத்திரண்டு. நேரத்தில் வந்தது ஒன்பது, அவை இரண்டு வார அவகாசம் கொடுத்தவை. மற்ற ஐம்பத்துமூன்றுக்கும் 'சமர்ப்பிக்கவில்லை', மதிப்பெண் பூஜ்யம். பரீட்சையில் அவள் வாங்கியது சுமார் அல்ல, நன்றாகவே வாங்கியிருக்கிறாள். ஆனால் பூஜ்யங்களைச் சேர்த்துக் கூட்டினால் சராசரி விழுந்துவிடுகிறது.

வாலுவைக் கூப்பிட்டு, ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். "அம்மா கையெழுத்து இல்லாம கொடுக்கக்கூடாது மாமா" என்றாள்.

நினைவிருக்கிறதா? நீ கிளம்பும்போது அவளிடம், எந்த நோட்டிலும் நான்தான் கையெழுத்துப் போடுவேன், வேறு யாரும் போடக்கூடாது, எங்கே இருந்தாலும் ஒவ்வொரு பக்கமும் பார்ப்பேன் என்று சொன்னாய். நான் உடனே, நம் கண்டக்டர் இருக்கிறார், ஒரு நோட்டும் தொலையாது என்றேன். தொலையவில்லை. சனி போய் அடுத்த சனி வந்தது. இரண்டு நோட்டு வைத்து மாற்றி மாற்றி அனுப்பினேன், பெருமையாக வேறு இருந்தது. வீட்டுப்பாடம் மறுநாள் காலையில் கொடுக்க வேண்டும் என்று நம் மூவரில் யாரும் கேட்கவில்லை. அவளும் டீச்சரிடம் சொல்லவில்லை. சொன்னால் அம்மா ஊரில் இல்லை என்று தெரியும், அத்தை மாட்டிக்கொள்வாள்.

அறிக்கையில் கடைசியாக ஒரு வரி வரும்: 'யார் மீது தவறு'. அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன், நிரப்ப முடியவில்லை.

பள்ளி திறந்தபின் முதல் கூட்டம் ஜூன் 20, சனிக்கிழமை. களிம்பு தீர்ந்திருந்தால் எழுது.

தம்பி


ஜூன் 8

தம்பிக்கும் தம்பி மனைவிக்கும்,

இருவரும் நலமாக இருக்க வேண்டும். நான் படுக்கவில்லை, வேலைக்குப் போய்வருகிறேன்.

உன் மனைவிக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவது முழுக்கத் திட்டு. இரண்டாவதில் பாதி திட்டு. மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் கடிதம் வந்தது. ஐம்பத்துமூன்று பூஜ்யம். ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்து. இங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில் நீராவிக் குழாய் ஓரம் உட்கார்ந்து, கை ஈரத்தைத் துடைத்துவிட்டு, பக்கம் பக்கமாகப் பார்த்துப் போடுவேன். பக்கத்தில் இருக்கிற பெண்ணிடம் காட்டுவேன், பார், என் பொண்ணு கணக்கு என்று. அந்த நாளில் அதுதான் எனக்குச் சாப்பாடு.

அவளைத் திட்ட நினைத்தால் நோட்டு கண்ணில் வருகிறது. என்னை நான் திட்ட நினைத்தால் பதிவேட்டில் அவள் போட்ட என் பெயர் கண்ணில் வருகிறது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நேற்று இரண்டு விரிப்பைக் கருக்கிவிட்டேன்.

ஜூன் 20க்கு விடுப்பு கேட்டேன். இரண்டு மாதம் முன்னால் கேட்கவில்லை என்று மேற்பார்வை அம்மா முதலில் மறுத்தார். ஒருநாள் மட்டும் கொடுத்தார், அதே நாள் திரும்ப வேண்டும். வேலை நிரந்தரமாக இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது, இப்போது விடமுடியாது.

உன் மனைவியையும் வரச் சொல். உள்ளே எங்கே உட்காருவது, டீச்சரை என்னவென்று கூப்பிடுவது என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

அக்கா


ஜூன் 12

அம்மா,

நான் நல்லா இருக்கேன். பல் விழுந்துடுச்சு. நீ எப்படி இருக்கே?

அத்தையைத் திட்டாதே. நான்தான் கூப்பிட்டேன். டிசம்பர்ல, நீங்க அம்மான்னு சொல்லிட்டு வாங்கன்னு சொன்னேன். அத்தை வேணாம்னுதான் சொன்னாங்க. அப்புறம் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்தாங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அவங்களுக்கு வரல.

உனக்குக் கோபம்னு மாமா சொல்லல. ஆனா மூணு நாளா மீசையை இழுத்துக்கிட்டே இருக்கார்.

நோட்டு லேட்டாப் போனா பூஜ்யம்னு எனக்குத் தெரியும். உன் கையெழுத்து இருந்தாப் போதும்னு நினைச்சேன். சில நோட்டுல உன் கைத்தண்ணி பட்டு மை கலைஞ்சிருக்கும். அதெல்லாம் நான் கிழிக்காம வச்சிருக்கேன்.

கூட்டத்துக்கு ரெண்டு பேரும் வரலாமான்னு டீச்சர்கிட்ட கேட்டேன். "ரெண்டு பேர்னா அம்மாவும் அப்பாவுமா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன். தப்பா?

உடம்பைப் பார்த்துக்கோ.

வாலு


ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? மாலை வண்டி நாற்பது நிமிஷம் தாமதம் என்று தெரியும். நீ வாசலிலிருந்து நேராகப் பேருந்து நிலையம் போனாய், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் உள்ளே நடந்ததில் எனக்கு ஒரு சாட்சிதான் இருக்கிறது. என் மனைவி சொன்னதை எழுதுகிறேன். தவறு இருந்தால் நீ திருத்து.

நான் வெளியே வாட்ச்மேனோடு நின்றேன். "ஒரு பிள்ளைக்கு எத்தனை அம்மா சார்?" என்றார். விசாரணையில் இருக்கிறது என்றேன். சிரித்துவிட்டு நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

உள்ளே டீச்சர் வழக்கம்போல அவளைப் பார்த்து, "வாங்கம்மா, உட்காருங்க" என்றாராம். உன்னைப் பார்த்து, "நீங்க?" என்றாராம். அவள் எழுந்து நின்று, "இவங்கதான் அம்மா. நான் அத்தை. இத்தனை நாளும் பொய் சொன்னேன்" என்றாள். டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்போ பேச ஆரம்பிச்ச விஷயமும் பொய்யா?" என்று கேட்டாராம். ஏன் அதைப் பிடித்துக்கொண்டார் என்று அவளுக்கு இன்னும் புரியவில்லை.

பிறகு தலைமையாசிரியை வந்தார். அவர் சொன்னவை மூன்று. ஒன்று, அம்மா போடாத சம்மதம் செல்லாது. இரண்டு, நோட்டு விஷயம் விளங்கிவிட்டதால் வாலு பொதுப்பிரிவில் தொடரலாம், ஆனால் தினமும் அன்றன்றைக்குக் கையெழுத்துப் போட ஒருவர் இருக்க வேண்டும். மூன்று, அதற்குப் பாதுகாவலர் தாள் ஒன்று தந்தார். அதில் ஒரு பெயர்தான் எழுதலாம். எழுதப்பட்டவர் பள்ளி விஷயம் எல்லாவற்றிலும் பெற்றோர் இடத்தில் இருப்பார். நோட்டு, பரீட்சை அட்டை, கூட்டம் எல்லாம் அவருக்கே. அதன்பிறகு வாசலில் அவர் பெயர்தான் இருக்கும், வேறு யாருக்கும் அனுமதி இல்லை, அம்மாவாக இருந்தாலும். கீழே உன் கையெழுத்து. ஜூலை 10க்குள் வராவிட்டால் தொழிற்பிரிவு.

இதையெல்லாம் கேட்டு நீ தலையாட்டினாய் என்கிறாள். எல்லாவற்றுக்கும். இது உண்மையா அக்கா? நீயா?

தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டாய் என்றாள். வாலு உன் பின்னால் வாசல்வரை ஓடிவந்தாள். நான் பார்த்தேன். நீ அவள் தலையைத் தொட்டாய், கன்னத்தைத் தொடவில்லை. கை சொரசொரப்பு என்றுதானே?

சாப்பிட்டாயா என்று எழுது.

தம்பி


ஜூன் 26

தம்பி மனைவிக்கு,

நான் சௌக்கியம். தம்பியைக் கேட்டதாகச் சொல். அவன் அறிக்கையில் திருத்த எதுவும் இல்லை.

தலையாட்டினேன். டீச்சர் ஒவ்வொன்றாகக் கேட்டபோது நான் ஏதாவது சொன்னால் எது தெரியாது என்று வெளியே வந்துவிடும் என்று பயமாக இருந்தது. நான் பெற்ற பிள்ளை. எனக்கு எந்த வேஷமும் இல்லை. இருந்தும் தலைதான் ஆடியது. நீ ஏன் ஆட்டினாய் என்று அங்கே உட்கார்ந்துதான் எனக்குப் புரிந்தது. அது புரிந்ததும் உன்மேல் இருந்த கோபம் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. தேடுகிறேன், கிடைக்கமாட்டேன் என்கிறது. கிடைத்தால் நல்லது. கோபம் இருந்தால் முடிவெடுப்பது சுலபம்.

டீச்சர் மறுபடியும் கேட்டால் சொல்லிவிடு: அவள் இரண்டரை வயது வரை பேசவே இல்லை. ஊமையோ என்று அழுதிருக்கிறேன். முதலில் சொன்ன வார்த்தை 'போதும்'. காய்ச்சல் வந்தால் காதைப் பிடித்துக்கொள்வாள், அப்போது இடதுபக்கம் படுக்க வைக்கக்கூடாது. பயந்தால் கோபப்படுகிறமாதிரி இருப்பாள், அதைக் கோபம் என்று நினைத்துவிடுவார்கள். டீச்சரிடம் இதை முதல் கூட்டத்திலேயே சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் எழுதினதால் தாளில் உன் பெயரை எழுதிவிட்டேன் என்று நினைக்காதே. தாள் பெட்டிக்குள் இருக்கிறது. எடுத்துப் பார்க்கிறேன், வைக்கிறேன். உன் பெயர் எழுதினால் அவள் படிப்பாள், நான் வாசலில் நிற்பேன். எழுதாவிட்டால் நான் அம்மாவாக இருப்பேன், அவள் பெட்டி ஒட்டுவாள். இப்படிச் சொல்லும்போது பதில் தெளிவாக இருக்கிறது. பேனாவை எடுத்தால் இல்லை. வேலையை விட்டு வந்துவிடலாமா என்றும் பார்க்கிறேன். வந்தால் எந்த வேலையில் அவளைப் படிக்கவைப்பேன்?

ஒன்று மட்டும் கேட்கிறேன், உண்மையைச் சொல். தாளில் உன் பெயர் இல்லாமல் தம்பி பெயர் எழுதினால் நீ வருத்தப்படுவாயா?

வாலுவுக்கு முத்தம். பல்லைப் பத்திரமாக வைத்திருக்கிறாளா?

அண்ணி


ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பும் கையும் எப்படி இருக்கின்றன? இங்கே எல்லாரும் சுகம். பல் ஒரு தீப்பெட்டியில் இருக்கிறது.

இன்று காலை பதினோரு மணிக்குக் கிளார்க் உறுதிசெய்தவை: பிப்ரவரி சம்மதத் தாளின் குறுக்கே சிவப்புக் கோடு போட்டுவிட்டார்கள். வாலுவின் பெயர் இரண்டு பிரிவுப் பட்டியலிலும் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. பத்தாம் தேதிவரை கையெழுத்து இல்லாமலே வீட்டுப்பாடத்தை வாங்கிக்கொள்ள டீச்சர் ஒத்துக்கொண்டார். ஆறு நாளில் ஆறும் நேரத்தில் கொடுத்திருக்கிறாள். ஐந்துக்கு முழு மதிப்பெண், ஒன்றுக்குப் பாதி, மை கொட்டிவிட்டாள்.

உன் கேள்விக்கு அவள் பதில் எழுதவில்லை. என்னிடம் கேட்டாள், "அண்ணிக்கு நான் என்ன எழுதினா சரியா இருக்கும்?" உண்மையை எழுது என்றேன். "எது உண்மைன்னு தெரிஞ்சா எழுதமாட்டேனா?" என்றாள். நான்கு வரி எழுதிய தாள் ஒன்று அடுப்பங்கரையில் இருக்கிறது. நான் படிக்கவில்லை.

என் பெயரை எழுதுவதானால் எழுது. எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சனிக்கிழமை மதியம் நான் டிப்போவில் இருப்பேன் என்பதையும் சேர்த்து யோசி.

நீ இதுவரை எதுவும் முடிவு செய்யவில்லை என்று எழுதினாய். அதை அப்படியே வைத்துக்கொள்கிறேன், மேலே எதுவும் ஊகிக்கவில்லை.

நிலுவையில் இருப்பது ஒன்று: தாள். கடைசி நாள் ஜூலை 10, வெள்ளி, மாலை நான்கு மணி. ஆறாம் தேதி திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போட்டால் வியாழக்கிழமை மதியம் இங்கே வரும். நீயே கொண்டுவருவதானாலும் வெள்ளிக்கிழமை விடிகாலை வண்டி ஓடாது, கடைசி வண்டி வியாழன்தான். எப்படி வந்தாலும் வியாழன். மாத்திரைக் கம்பெனியில் அன்றைக்கு அவள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதினாய் என்று கேட்டேன். காலியாக விட்டிருக்கிறாளாம்.

தம்பி